நடக்கிறோமா, நிற்கிறோமா: கைப்பேசி அதை எப்படிக் கணிக்கிறது?

சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015ஆம் ஆண்டில் நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச் என்னும் நடை இயக்கத்தைத் தொடங்கி, அடிகளை எண்ணும் கைப்பட்டைகளை இலவசமாக வழங்கியதிலிருந்து, இரவில் படுக்கப் போகுமுன் "இன்றைக்கு எத்தனை அடி?" என்று மணிக்கட்டைப் பார்த்துக்கொள்வது சிங்கப்பூரின் பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. இன்றைய திறன்பேசியும் கைக்கடிகாரமும் அடிகளை எண்ணுவதோடு நிற்பதில்லை. காலையில் எம்ஆர்டி நிலையம்வரை நடந்தது, ரயிலில் சென்றது, அலுவலகத்தில் அசையாமல் அமர்ந்திருந்தது, மாலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் ஓட்டியது என ஒவ்வொன்றையும் பெயரிட்டுப் பிரித்துக் காட்டுகின்றன. எந்தக் கேமராவும் நம்மைப் பார்க்கவில்லை. நாமும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. இவ்வாறு உடலோடு இருக்கும் உணர்கருவிகளின் அளவீடுகளைக் கொண்டு ஒருவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கணிப்பதையே மனிதச் செயல்பாட்டைக் கண்டறிதல் என்கிறார்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக் ஒன்றின் பொதுத் தாழ்வாரத்தில் யாரோ நடந்து வரும்போது, கதவைத் திறக்காமலேயே, செருப்புச் சத்தத்தின் வேகத்தையும் கனத்தையும் வைத்து, வருவது பள்ளிவிட்டு வரும் பிள்ளையா, பக்கத்து வீட்டுப் பாட்டியா என்று உள்ளே இருப்பவர் சொல்லிவிடுவார். அவர் யாரையும் பார்க்கவில்லை. காதில் விழுந்த ஒலியை முன்பு பழகிய ஒலிகளோடு ஒப்பிடுகிறார். சாதனம் செய்வதும் ஏறத்தாழ இதுவே. அதற்கு நடை என்றால் என்னவென்றே தெரியாது. தனக்கு வந்து சேரும் எண்கள், நடை என்று முன்பு கற்பிக்கப்பட்ட எண்களை எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அதன் திறமையும் அதன் தவறுகளும் இந்த ஒரு நிலையிலிருந்தே பிறக்கின்றன.

இந்த எண்களைத் தரும் முதன்மைக் கருவி முடுக்கமானி. சிலிக்கன் சில்லு ஒன்றின் உள்ளே, மிகச் சிறிய ஒரு நிறை, தலைமுடியைவிட மெல்லிய சிலிக்கன் இழைகளால் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. கைப்பேசி அசையும்போது அந்த நிறை சற்றே பின்தங்குகிறது. அதனோடு இணைந்த நுண்தகடுகளுக்கும் அசையாத நுண்தகடுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி மாறுகிறது. இடைவெளி மாறினால் அவற்றுக்கு இடையிலான மின்தேக்குத்திறன் மாறுகிறது. அந்த மாற்றத்தை அளந்து, முடுக்கம் இவ்வளவு என்று கருவி சொல்கிறது. பக்கவாட்டில் ஒன்று, மேல்கீழாக ஒன்று, திரைக்கு முன்பின்னாக ஒன்று என மூன்று அச்சுகளில் இந்த அளவீடு நடப்பதால், ஒவ்வொரு கணத்துக்கும் மூன்று எண்கள் கிடைக்கின்றன.

முதன்முறை இந்த எண்களைப் பார்ப்பவர் எவரும் ஒரு விஷயத்தில் தடுமாறுவது இயல்பு. மேசையின்மேல் அசையாமல் கிடக்கும் கைப்பேசி பூச்சியத்தைக் காட்டும் என்று எதிர்பார்ப்போம். அது காட்டுவதோ வினாடிவர்க்கத்துக்கு ஏறத்தாழ 9.8 மீட்டர். புவியீர்ப்புக்கு எதிராக மேசை கைப்பேசியைத் தாங்கிக்கொண்டிருக்கும் அந்த விசையையே முடுக்கமானி உணர்கிறது. கைப்பேசி கை தவறிக் கீழே விழும்போதுதான், தரையைத் தொடுமுன் உள்ள அந்தச் சிறுபொழுதில், அது பூச்சியத்தை நெருங்குகிறது. இது குறைபாடன்று, பெரிய வசதி. புவியீர்ப்பு எப்போதும் ஒரே திசையில் இருப்பதால், 9.8 என்னும் அந்த அளவு மூன்று அச்சுகளில் எதன்மேல் விழுகிறது என்று பார்த்தாலே சாதனம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். காற்சட்டையின் முன்பையில் இருக்கும் கைப்பேசி, நாம் நிற்கும்போது தொடையோடு செங்குத்தாக இருக்கிறது; அமர்ந்ததும் தொடையோடு படுத்துவிடுகிறது. இரு நிலைகளிலும் அசைவே இல்லையென்றாலும், எந்த அச்சு எடையைச் சுமக்கிறது என்பது மாறிவிடுவதால், நிற்பதையும் அமர்வதையும் பிரித்துவிடலாம். அதே கைப்பேசியை இடுப்புப் பட்டையில் மாட்டிவிட்டால் இந்த வசதி போய்விடும், ஏனெனில் நின்றாலும் அமர்ந்தாலும் இடுப்பு நிமிர்ந்தேதான் இருக்கிறது.

அசைவுகள் தொடங்கியதும் எண்கள் அலையாக மாறுகின்றன. சாதாரணமாக நடக்கும் பெரியவர் ஒருவர் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறார். ஒவ்வோர் அடியிலும் குதிகால் தரையைத் தொடும் அதிர்ச்சி உடல்வழியே மேலேறி, அலையில் ஒரு முகடாகப் பதிகிறது. முகடுகளை எண்ணினால் அடிகளின் எண்ணிக்கை வந்துவிடும். ஓட்டத்தில் முகடுகள் நெருங்குவதோடு உயரவும் செய்கின்றன. இன்னும் முக்கியமாக, ஓடும்போது இரு கால்களும் தரையைவிட்டு எழும் ஒரு கணம் இருக்கிறது. அப்போது இடுப்பில் உள்ள முடுக்கமானி, விழும் பொருளைப் போலவே, பூச்சியத்தை நோக்கிச் சரிகிறது. நடையில் ஏதேனும் ஒரு கால் எப்போதும் தரையில் இருப்பதால் அந்தச் சரிவு வருவதில்லை. எனவே வேகமாக நடப்பவரையும் மெதுவாக ஓடுபவரையும் பிரிப்பதற்கு வேகத்தைவிட இந்தச் சரிவே நம்பத்தக்க அடையாளம்.

முடுக்கமானிக்குத் துணையாகப் பிற உணர்கருவிகளும் உண்டு. கைரோஸ்கோப் என்னும் சுழல்மானி, அதிர்ந்துகொண்டிருக்கும் நுண்நிறை ஒன்றைச் சுழற்சி பக்கவாட்டில் தள்ளும் கோரியோலிஸ் விளைவைக் கொண்டு, சாதனம் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதை அளக்கிறது. நீச்சலில் கைவீச்சைப் பிரித்தறிய இது பெரிதும் உதவும், ஆனால் முடுக்கமானியைவிட மின்கலத்தை அதிகம் உறிஞ்சும். கைக்கடிகாரத்தின் அடியில் மின்னும் பச்சை விளக்கு, தோலுக்குள் ஓடும் இரத்தத்தின் அளவு மாறுவதை ஒளியால் அளந்து இதயத்துடிப்பைத் தருகிறது. காந்தமானி திசையைச் சொல்லும். ஜிபிஎஸ் வெளியில் நன்றாக வேலை செய்யும், சுரங்க ரயிலில் உதவாது.

காற்றழுத்தமானியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மாடிக் கட்டடங்களில் வாழும் நமக்கு அது தனிப் பயன் உடையது. தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலேறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.12 ஹெக்டோபாஸ்கல் குறைகிறது. வீவக வீட்டின் ஒரு மாடி உயரம் 2.8 மீட்டர் அளவு என்று வைத்துக்கொண்டால், ஒரு மாடிக்கு 0.3 ஹெக்டோபாஸ்கலுக்குச் சற்று அதிகமான மாற்றம் வரும். இன்றைய கைப்பேசிகளின் காற்றழுத்தமானி இதை எளிதாக உணர்ந்துவிடும். அழுத்தம் சீராகக் குறைய, அடிகளின் முகடுகளும் தொடர்ந்து வந்தால், படியேறுகிறார் என்று பொருள். அழுத்தம் விரைவாகக் குறைந்து, அடிகளே இல்லாமல், தொடக்கத்தில் உடல் சற்று கனத்து முடிவில் சற்று இலேசானதற்கான இரு சிறு மாற்றங்கள் மட்டும் முடுக்கமானியில் தெரிந்தால், மின்தூக்கியில் மேலே செல்கிறார். அடிகளும் இல்லை, அந்த இரு மாற்றங்களும் இல்லை, அழுத்தம் மட்டும் நிதானமாக மாறுகிறது என்றால் எம்ஆர்டி நிலையத்தின் மின்படியில் நிற்கிறார் என்று கொள்ளலாம். நகரும் மின்படியிலேயே ஏறி நடப்பவரைப் படியேறுபவரிடமிருந்து பிரிப்பது கடினம். அழுத்தம் மாறும் வேகம் அவர் வைக்கும் அடிகளுக்கு மிஞ்சியதாக இருக்கிறது என்ற ஒரே துப்புதான் மிஞ்சும்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்கு வேறொரு சிக்கலும் இருக்கிறது. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. காலை பத்து மணி அளவிலும் இரவு பத்து மணி அளவிலும் உச்சத்தைத் தொட்டு, இடையே தாழ்கிறது. இந்த ஏற்ற இறக்கம் ஒரு நாளில் 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இருக்கலாம். அதாவது காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில், நாற்காலியைவிட்டு எழாதவரும், காற்றழுத்தமானியின் கணக்கில், எட்டு ஒன்பது மாடி ஏறிவிட்டவராகிறார். சாதனங்கள் இதில் ஏமாறாததற்குக் காரணம், அவை அழுத்தத்தின் அளவைப் பார்க்காமல், அது சில வினாடிகளில் எவ்வளவு மாறுகிறது என்பதைப் பார்ப்பதே.

இனி, இந்த எண்கள் எப்படிப் பெயர்களாகின்றன என்பதைப் பார்க்கலாம். அன்றாட உடலசைவின் பெரும்பகுதி வினாடிக்கு 20 முறைக்கும் குறைவான அதிர்வெண்களிலேயே அடங்கிவிடுவதால், வினாடிக்கு 50 முறை அளந்தால் போதுமானது. ஆனால் தனி ஓர் அளவீட்டுக்கு எந்தப் பொருளும் இல்லை. ஒரு கணத்து முடுக்கத்தைப் பார்த்து நடையா ஓட்டமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே தொடர்ந்து வரும் அளவீடுகளைச் சிறு சிறு நேரத்துண்டுகளாக வெட்டுகிறார்கள். இத்துறையில் பெரிதும் பயன்படும் தரவுத்தொகுப்பு ஒன்றில் ஒரு துண்டின் நீளம் 2.56 வினாடி. வினாடிக்கு 50 வீதம் அதில் 128 அளவீடுகள் இருக்கும். மெதுவாக நடப்பவர்கூட அதற்குள் இரண்டு அடியாவது வைத்துவிடுவார். 128 என்பது இரண்டின் அடுக்கு ஆதலால், அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கும் எளிதாகிறது. துண்டுகள் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வெட்டப்படுகின்றன, இல்லாவிட்டால் ஒரு செயல் முடிந்து மறுசெயல் தொடங்கும் இடம் வெட்டில் சிக்கிச் சிதைந்துவிடும்.

அடுத்து, ஒவ்வொரு துண்டையும் சில பண்பெண்களாகச் சுருக்குகிறார்கள். சராசரி என்ன, சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகிறது, எந்த அதிர்வெண்ணில் ஆற்றல் குவிந்திருக்கிறது, இரு அச்சுகள் சேர்ந்து அசைகின்றனவா, புவியீர்ப்பின் திசை எது என்பன போன்றவை அவை. பையில் கைப்பேசி தலைகீழாக இருந்தாலும் கணக்குக் கெடாதிருக்க, மூன்று அச்சுகளின் எண்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் கண்டு, திசை சாராத ஒரே எண்ணாகவும் வைத்துக்கொள்வதுண்டு. பிறகு, இன்ன துண்டு நடை, இன்ன துண்டு அமர்வு என்று மனிதர்கள் பெயரிட்டுத் தந்த ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கணினிக்குக் கொடுத்தால், எந்தப் பண்பெண்கள் எந்தப் பெயரோடு வருகின்றன என்பதை அது கற்றுக்கொள்கிறது. அண்மைக் காலத்தில், பல அடுக்குகளாகத் தரவிலிருந்து கற்கும் ஆழ்கற்றல் வலைப்பின்னல்கள் பண்பெண்களையும் தாமே கண்டுகொள்கின்றன. ஆயினும் அவற்றுக்குப் பயிற்சித் தரவு மிகுதியாக வேண்டும். புதிதாகக் கற்பவர் பண்பெண்களிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. விடை ஏன் தவறியது என்பதை அங்கேதான் கண்ணால் காண முடிகிறது.

இத்துறையின் ஆரம்ப ஆய்வுகளில் ஒன்று 2004இல் வெளிவந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லிங் பாவ், ஸ்டீஃபன் இன்டில் ஆகிய இருவரும், 20 பேரின் உடலில் ஐந்து இடங்களில் முடுக்கமானிகளைப் பொருத்தி, 20 அன்றாடச் செயல்களைப் பதிவு செய்து, கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு விடைக்கு வரும் முடிவுமரம் என்னும் எளிய முறையால் ஏறத்தாழ 84 விழுக்காடு சரியாகக் கண்டறிந்தனர். ஆய்வாளர் யாரும் அருகில் நின்று மேற்பார்வையிடாமல், பங்கேற்றவர்களே தம் செயல்களைச் செய்து குறித்துக்கொண்டார்கள் என்பது அந்த ஆய்வின் சிறப்பு. ஐந்து கருவிகளுக்குப் பதிலாகத் தொடையிலும் மணிக்கட்டிலும் மட்டும் இருந்தாலே துல்லியம் சிறிதளவே குறைகிறது என்றும் அவர்கள் கண்டனர். கால்சட்டைப் பையில் கைப்பேசியும் கையில் கடிகாரமுமாக நாம் இன்று உலவுவதை எண்ணினால், அந்த முடிவின் அருமை விளங்கும்.

மேலே சொன்ன 2.56 வினாடித் துண்டுகளைக் கொண்ட தரவுத்தொகுப்பு, இத்தாலியின் ஜெனோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று உருவாக்கி, யாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. 19 முதல் 48 வயதுவரையுள்ள 30 பேர், சாம்சங் கேலக்ஸி எஸ்2 கைப்பேசியை இடுப்பில் கட்டிக்கொண்டு, நடத்தல், படியேறுதல், படியிறங்குதல், அமர்தல், நிற்றல், படுத்தல் என்னும் ஆறு செயல்களைச் செய்தனர். இதைக் கொண்டு பழகுபவர்கள் விரைவில் ஒன்றைக் கவனிப்பார்கள்: நடையும் படுக்கையும் ஒருபோதும் குழம்புவதில்லை, ஆனால் அமர்தலும் நிற்றலும் அடிக்கடி குழம்புகின்றன. காரணம் முன்பே சொன்ன இடுப்புதான்.

சாதனம் உடலில் எங்கே இருக்கிறது என்பது இவ்வளவு முக்கியமானால், மணிக்கட்டில் இருப்பது எப்படியெல்லாம் தவறும் என்பதை நாமே ஊகிக்கலாம். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தண்டாயுதபாணி கோயில்வரை பால்குடம் சுமந்து செல்பவர், இரு கைகளாலும் குடத்தைத் தலைமேல் பிடித்திருக்கிறார். கை வீசுவதே இல்லை. மணிக்கட்டில் கட்டிய கைப்பட்டை, கைவீச்சைத் துணையாகக் கொண்டே அடிகளை எண்ணப் பழகியதாகையால், அவர் நடந்த அடிகளில் பலவற்றைத் தவறவிட வாய்ப்புண்டு. இடுப்பில் செருகிய கைப்பேசி அவற்றைப் பிடித்துவிடும். குழந்தை வண்டியைத் தள்ளிச் செல்லும் தாய்க்கும், பேரங்காடியில் தள்ளுவண்டியோடு சுற்றுபவருக்கும் இதே கதிதான். மறுபுறம், உணவங்காடி நிலையத்தில் நின்ற இடத்திலேயே தே தாரிக் இழுத்து ஆற்றுபவருடைய கை, சீரான தாளத்தில் ஏறி இறங்குவதால், நடக்காமலே அடிகள் சேரக்கூடும். பரதநாட்டியப் பயிற்சி முடித்தவர் தம் கடிகாரம் அதை என்னவென்று பெயரிட்டிருக்கிறது என்று பார்த்தால், நடை, ஓட்டம் என்று தனக்குத் தெரிந்த பெயர்களுள் ஒன்றை அது சூட்டியிருக்கலாம். அடவு என்ற ஒன்றை அதற்கு யாரும் கற்பிக்கவில்லையே.

யாருடைய அசைவுகளைக் கொண்டு அதற்குக் கற்பித்தார்கள் என்பது இதைவிட ஆழமான கேள்வி. 48 வயதுக்கு மேற்பட்ட ஒருவர்கூட இல்லாத தரவிலிருந்து கற்ற கணிப்பு, 75 வயதில் ஊன்றுகோலோடு மெல்ல நடப்பவரிடம் தடுமாறுவதில் வியப்பில்லை. கால் தரையிலிருந்து அதிகம் எழும்பாத நடையில் முகடுகள் தாழ்ந்து மழுங்கிவிடுவதால், அடி எண்ணும் கருவிகள் மெல்ல நடப்பவரின் அடிகளைக் குறைத்தே எண்ணுகின்றன. 2030ஆம் ஆண்டில் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்திருப்பார் என்று மதிப்பிடப்பட்டிருக்கும் சிங்கப்பூரில், மூத்தோரின் உடற்பயிற்சியை இத்தகைய எண்களால் அளக்க விரும்புவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். நடமாட உதவும் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு புளோக்கின் கீழ்த்தளத்தை ஒருமுறை சுற்றிவந்த தாத்தாவின் உழைப்பு, அவருடைய பேரனின் ஓட்டத்தைவிடச் சிறியதாகக் கணக்கில் வருவது கருவியின் குறையே ஒழிய அவருடையதன்று.

துல்லியம் 97 விழுக்காடு, 99 விழுக்காடு என்று அறிவிப்புகள் வரும்போது, எப்படிச் சோதித்தார்கள் என்று கேட்பது அவசியம். துண்டுகள் பாதிக்குப் பாதி படிந்திருப்பதால், அவற்றைக் குலுக்கிப் போட்டுப் பயிற்சிக்குச் சிலவும் சோதனைக்குச் சிலவும் எடுத்தால், ஒரே மனிதரின் ஒரே நடையின் ஒரு பாதி பயிற்சியிலும் மறுபாதி சோதனையிலும் வந்துவிடும். அது வினாத்தாளை முன்பே காட்டிவிட்டு வைத்த தேர்வு. ஜெனோவாத் தொகுப்பில் 21 பேரைப் பயிற்சிக்கும், வேறு 9 பேரைச் சோதனைக்கும் ஒதுக்கியிருப்பது இதனால்தான். கணினி முன்பின் கண்டிராத மனிதரிடம் எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்பதே நமக்கு வேண்டிய எண், ஏனெனில் கடையில் கடிகாரம் வாங்கும் ஒவ்வொருவரும் அதற்குப் புதியவர்தாம்.

ஆய்வகத்துக்கு வெளியே இன்னொரு தொல்லையும் உண்டு. வாழ்க்கை ஆறு பெயர்களுக்குள் அடங்குவதில்லை. ரயில் பெட்டிக்குள் நடப்பவர் ஒரே நேரத்தில் பயணமும் செய்கிறார், நடக்கவும் செய்கிறார். எனவேதான் கைப்பேசிகளின் இயக்க முறைமைகள் சிறிது பணிவோடு பேசுகின்றன. ஆண்ட்ராய்டு, செயலிகளுக்குச் செயலின் பெயரோடு அது எவ்வளவு உறுதி என்பதற்குப் பூச்சியம் முதல் 100 வரை ஓர் எண்ணையும் தருகிறது. தெரியவில்லை என்பதும் அதன் பட்டியலில் ஒரு விடை. ஐபோனிலும் உறுதி குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று படிகள் உள்ளன. பேருந்து சிவப்பு விளக்கில் நின்றதும் பயணி இறங்கிவிட்டதாக முடிவு செய்யாதிருக்க, முன்பின் துண்டுகளையும் சேர்த்துப் பார்த்துத் தனித்து நிற்கும் விடைகளைத் திருத்திக்கொள்ளும் முறைகளும் உண்டு.

விழுந்துவிட்டதைக் கண்டறிவதும் இதே நுட்பம்தான், ஆனால் விளைவு பெரிது. கை கால் வழுவி உடல் சரியும் குறும்பொழுதில் முடுக்கம் தாழ்கிறது, தரையில் மோதும்போது உயர்ந்த முகடு ஒன்று எழுகிறது, அதன்பின் அசைவின்மை. 2018இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4 இந்த வசதியைத் தந்தது. பயனாளர் தம் வயதை 55 அல்லது அதற்கு மேல் என்று பதிந்திருந்தால் அது தானே செயல்படத் தொடங்கும், விழுந்தவர் ஏறத்தாழ ஒரு நிமிடம் அசையாதிருந்தால் அவசர உதவியை அழைக்கும். இதில் உள்ள இடர், கற்பிக்கத் தரவு கிடைப்பதுதான். யாரையும் வேண்டுமென்றே விழச்செய்ய முடியாது என்பதால் பல ஆய்வுகளில் இளைஞர்கள் மெத்தைமேல் விழுந்து காட்டுகிறார்கள். குளியலறையில் சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரியும் மூதாட்டியின் வீழ்ச்சி அதைப் போன்றதன்று. அத்தகைய மெதுவான சரிவில் கடிகாரம் பேசாமல் இருந்துவிடலாம் என்பதைத் தனித்து வாழும் பெற்றோருக்கு அதை வாங்கித் தரும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

இத்தகவல்கள் யாரிடம் போகின்றன என்பதும் கேட்க வேண்டியதே. சிங்கப்பூரில் நிறுவனங்கள் திரட்டும் தனிநபர் தகவலுக்கு 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். கைப்பேசியிலேயே ஆண்ட்ராய்டு 10 முதல், உடல் இயக்கத்தைக் கண்டறியும் வசதியைப் பயன்படுத்த விரும்பும் செயலி உங்கள் இசைவைக் கேட்க வேண்டும். ஐபோனிலும் அதற்குத் தனி அனுமதி உண்டு. ஆனால் ஆண்ட்ராய்டில் முடுக்கமானியின் நேரடி எண்களைச் சாதாரண வேகத்தில் படிக்க இசைவு தேவையில்லை; ஆண்ட்ராய்டு 12 முதல் வினாடிக்கு 200 முறைக்கு மேல் படிக்க மட்டுமே செயலி தனியாக அறிவிக்க வேண்டியிருக்கிறது. ஒருவருடைய நடையின் அலை அவரை அடையாளம் காட்டப் போதுமான அளவு தனித்தன்மை உடையது. அமைப்புகளில் அனுமதிகள் பகுதியைத் திறந்து, உடல் இயக்கம் என்னும் வரிசையில் எந்தெந்தச் செயலிகள் இருக்கின்றன என்று பார்த்து, தேவையற்றவற்றுக்கு அனுமதியை அங்கேயே நீக்கிவிடலாம்.